கணிப்பொறிக்கு மொழி தந்த கிரேஸ் ஹாப்பர்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மன்றச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, எனக்குக் கவிதை வராது, கதையும் வராது என்று தப்பிக்கப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்ததை எழுது, போதும் என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தால் எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது சி லேபில் வருகிற எரர்! ஆகவே எரரைப் பற்றியும், அந்த எரரோடு வாழ்நாள் முழுக்கக் குடித்தனம் நடத்திய ஓர் அம்மையாரைப் பற்றியும் எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதிரி செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது மிகச் சுலபமான கணக்கு. மூன்று பாட மதிப்பெண்களைக் கூட்டி மொத்தம் காண வேண்டும், அவ்வளவுதான். எங்கள் லேபில் இருப்பது பழைய டர்போ சி. டைப் அடித்து முடித்து, ஆல்ட்டும் எஃப் ஒன்பதும் சேர்த்து அழுத்தினேன். ஆறு எரர்! அப்படியே ஆடிப் போய்விட்டேன். கீழே இருந்த எரரில் தொடங்கி மேலே போய் ஒவ்வொன்றாக மாற்றினேன். ஆறு எட்டானது, எட்டு பதினொன்றானது. நேரம் முடிந்துவிட்டது. பக்கத்தில் எல்லோரும் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெறும் தாளோடு வெளியே வந்தேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அன்று இரவு அம்மாவிடம், இந்தப் படிப்பு எனக்கு ஒத்து வராது, நானும் உன்னோடு பனியன் கம்பெனிக்கே வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் லேப் சார் என் புரோகிராமைப் பார்த்தார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. மாறிகளை அறிவிக்கும் முதல் வரியில் இன்ட் என்ற சொல்லின் முதல் எழுத்தை நான் பெரிய எழுத்தாக அடித்திருந்தேன். சி மொழிக்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. அதனால் அந்தச் சொல்லே அதற்குத் தெரியவில்லை. அந்தச் சொல் தெரியாததால் அந்த வரியில் செமிகோலன் விட்டுப்போனதாக நினைத்தது. அந்த வரியே செல்லாததால் அதில் இருந்த நான்கு மாறிகளும் அறிவிக்கப்படாதவை ஆகிவிட்டன. ஒன்றும் ஒன்றும் நான்கும், ஆக ஆறு! தவறு செய்தது ஒரு எழுத்து. நானோ ஆறு தவறு செய்தவள் மாதிரி இரவெல்லாம் அழுதிருக்கிறேன்.

இந்த கம்பைலர் என்கிற சமாச்சாரத்தை யார்தான் கண்டுபிடித்தார்கள் என்று கோபத்தோடு நூலகத்தில் தேடப் போனேன். அப்போது கிடைத்தவர்தான் கிரேஸ் ஹாப்பர். படிக்கப் படிக்கக் கோபம் போய், நம்ம ஆள் ஒருவர் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

கடிகாரம் பிரித்த சிறுமி

கிரேஸ் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் கிரேஸ் பிரூஸ்டர் மர்ரே. தந்தை காப்பீட்டுத் துறையில் இருந்தவர். மூன்று பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அதைப் பார்த்துப் பூட்டலாம் என்று இன்னொன்றைப் பிரித்தார். இப்படியே வீட்டில் இருந்த ஏழு கடிகாரமும் பிரிந்து கிடந்ததாம்! அம்மா வந்து பார்த்துவிட்டு அடிக்கவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு மட்டும் ஆராய்ச்சி செய் என்று கட்டுப்பாடு விதித்தார்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் பிரி! இதை மட்டும் அந்த மாதிரித் தேர்வுக்கு முன்னால் நான் படித்திருந்தால் ஆறு எரரை பதினொன்றாக ஆக்கியிருக்க மாட்டேன்.

பெரிய மேதை ஆயிற்றே, எல்லாத் தேர்விலும் முதலாக வந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். வாசர் கல்லூரியில் சேரப் போட்ட முதல் விண்ணப்பம், இலத்தீன் மொழியில் மதிப்பெண் போதவில்லை என்று தள்ளுபடி ஆனது. ஒரு வருடம் காத்திருந்து மறுபடி எழுதிச் சேர்ந்தார். 1928-இல் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930-இல் முதுகலையும், 1934-இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். 1930-இல் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்ததால் ஹாப்பர் என்ற பெயர் வந்தது. 1945-இல் மணவிலக்கு ஆன பிறகும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1931 முதல் தான் படித்த வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார்.

கப்பற்படையில் ஒரு கணக்கு டீச்சர்

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியது. கிரேஸ் கப்பற்படையில் சேர விரும்பினார். வயது அதிகம் என்றார்கள். எடையும் போதாது என்றார்கள். வேண்டியதை விட ஏறத்தாழ 7 கிலோ குறைவு. அது போக, கணிதப் பேராசிரியர் பணி நாட்டுக்குத் தேவை, அதை விட்டு வரக்கூடாது என்றும் சொன்னார்கள். மூன்று கதவும் சாத்தி இருந்தது. அம்மையார் விடவில்லை. தனி அனுமதி வாங்கி 1943 டிசம்பரில் மகளிர் துணைப்படையில் சேர்ந்தார். தன்னை விட மிகவும் இளைய பெண்களோடு பயிற்சி பெற்று, அந்த அணியில் முதலாவதாகத் தேறினார்.

1944 ஜூலையில் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்ட் எய்க்கன் என்பவரின் கீழ் மார்க் ஒன்று என்ற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை ஏறக்குறைய 5 டன்! ஒரு நொடிக்கு மூன்று கூட்டல் போடும். ஒரு பெருக்கலுக்குச் சுமார் 6 நொடி ஆகும். இன்றைக்கு நம்ம சட்டைப் பையில் இருக்கும் சாதாரண செல்போன் கூட இதைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் அந்தக் காலத்தில் அது அதிசயம். வந்து சேர்ந்த அன்றே எய்க்கன் ஒரு கணக்கைக் கையில் கொடுத்து ஒரு வாரத்தில் முடிக்கச் சொல்லிவிட்டாராம். அந்த இயந்திரத்துக்கு அவர் மூன்றாவது புரோகிராமர். பின்னாளில் அதற்கு 500 பக்கத்துக்கு மேற்பட்ட கையேட்டையும் தயாரித்தார். அது 1946-இல் வெளிவந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மார்க் ஒன்றில் எண்களைப் போட்டு வைக்க 72 இடங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்தான், பெயர் கிடையாது. இன்ன நம்பர் இடத்தில் உள்ளதை எடுத்து இன்ன நம்பர் இடத்தில் கூட்டு என்று காகித நாடாவில் ஓட்டை போட்டுச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் எதை வைத்தோம் என்பதை மனிதன்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தம், சராசரி, வட்டி என்று நாம் இஷ்டத்துக்குப் பெயர் வைக்கிறோமே, அந்த வசதி அன்று இல்லை. இடம் மாறிப் போட்டால் இயந்திரம் எரர் காட்டாது. தப்பான விடையை அழகாக அச்சடித்துக் கொடுக்கும். அவ்வளவுதான்.

விட்டில் பூச்சியின் கதை

கணிப்பொறிப் பிழைக்கு பக் என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் இரண்டு இயந்திரம் சரியாக ஓடவில்லை. பிரித்துப் பார்த்தபோது ஒரு ரிலேக்குள் விட்டில் பூச்சி ஒன்று மாட்டிச் செத்துக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். அந்தப் பதிவேட்டுப் பக்கம் பூச்சியோடு சேர்த்து இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் இரண்டு திருத்தம். பூச்சியைப் பிடித்தது கிரேஸ் ஹாப்பர் இல்லை, அவருடைய குழுவில் இருந்தவர்கள். அந்தக் கதையைக் கூட்டம் கூட்டமாகச் சொல்லிப் பரப்பியவர்தான் அவர். அதே போல இயந்திரக் கோளாறுக்கு பக் என்று சொல்வதும் எடிசன் காலத்திலேயே உண்டு. குவிஸ் போட்டிக்குப் போகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்!

நோட்டில் இருந்து பிறந்த கம்பைலர்

போர் முடிந்தது. 1949-இல் கிரேஸ் பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி இருவரும் நடத்திய கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே யூனிவாக் என்ற இயந்திரம் உருவாகிக்கொண்டிருந்தது. மறு வருடமே அந்த நிறுவனத்தை ரெமிங்டன் ராண்ட் வாங்கிவிட்டது.

அப்போதைய புரோகிராமர்கள் எல்லோரும் கையில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். சைன் கண்டுபிடிக்க ஒரு துண்டு, வர்க்கமூலம் எடுக்க ஒரு துண்டு என்று சரியாக ஓடிய பகுதிகளை எழுதி வைத்து, ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் காப்பி அடிப்பார்கள். நமக்குத் தெரியாத வித்தையா! ஆனால் காப்பி அடிக்கும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, ஒவ்வொரு துண்டும் நினைவகத்தில் வேறு இடத்தில் உட்காருவதால் எல்லா முகவரியோடும் ஒரு எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மனிதர்கள் கூட்டலில் தப்பு விடுவார்கள். இரண்டு, பார்த்து எழுதுவதிலும் தப்பு விடுவார்கள். யூனிவாக்கில் இடைவெளிக்கு டெல்டா என்ற முக்கோணக் குறி போடுவார்கள். அவசரமாக எழுதிய நான்கு என்ற எண் டெல்டா மாதிரி தெரியும். பி என்ற ஆங்கில எழுத்து பதின்மூன்று ஆகிவிடும்!

கிரேஸும் இதற்கு விலக்கு இல்லை. இவர்கள் செய்த பைனாக் என்ற இயந்திரத்துக்காக எட்டின் அடிமான எண்முறையில் கணக்குப் போட்டுப் பழகினார். கொஞ்ச நாளில் அவருடைய வங்கிக் கணக்கு ஒத்து வரவில்லை. வங்கியில் வேலை பார்த்த தம்பி பல நாள் மாலை உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்தது என்னவென்றால், அக்கா நடுநடுவே எட்டின் அடிமானத்தில் கழித்து வைத்திருக்கிறார்! கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்கே இப்படி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

இதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பெரிய முடிவு. மனிதன் கூட்டலில் தவறுகிறான், காப்பியில் தவறுகிறான். கணிப்பொறியோ இந்த இரண்டையும்தான் பிசகாமல் செய்கிறது. அப்படியானால் அந்த வேலையை அதனிடமே கொடுத்துவிட்டால் என்ன? துண்டுகளுக்கெல்லாம் நம்பர் போட்டு நாடாவில் ஏற்றினார். எந்தத் துண்டு வேண்டும் என்று குறிப்பு எழுதிக் கொடுத்தால் போதும், இயந்திரமே அவற்றை எடுத்து, முகவரி மாற்றி, கோத்து ஒரு முழு புரோகிராமாகக் கொடுத்தது. இதுதான் ஏ-சைபர் என்ற கம்பைலர். 1952 மே மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். இன்றைய கணக்கில் இதை முழு கம்பைலர் என்பதை விட லிங்க்கர், லோடர் என்பதற்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஆனாலும் விதை அதுதான். கணிப்பொறி கணக்குத்தான் போடும், புரோகிராம் எழுதாது என்று சொல்லிப் பலர் நம்ப மறுத்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று. யூனிவாக்கில் ஆயிரம் சொல் அளவுக்குத்தான் நினைவகம். ஆகவே கம்பைலர் நாடாவை மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். பின்னால் திரும்பிப் போவது சுலபம். ஏற்கெனவே கடந்து வந்த இடம், முகவரி தெரியும். ஆனால் இன்னும் வராத ஓர் இடத்துக்குத் தாவு என்று வந்தால்? அந்த இடத்தின் முகவரி இன்னும் பிறக்கவே இல்லையே! இதற்கு வழி அவர் கல்லூரியில் விளையாடிய கூடைப்பந்தில் இருந்து கிடைத்தது. அன்றைய பெண்கள் ஆட்ட விதிப்படி பந்தைத் தட்டிக்கொண்டே ஓட முடியாது. தோழியிடம் பந்தைப் போட்டுவிட்டு முன்னால் ஓடி, திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதே மாதிரி நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கி, தெரியாத தாவலை அங்கே போட்டு வைத்து, உரிய இடம் வந்ததும் அந்த மூலையில் இருந்து பந்தைத் திருப்பி அனுப்பினார்.

இப்போது நம்ம லேபுக்கு வருவோம்

மாறியை முதலில் அறிவித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஏன் அடித்துச் சொல்கிறார்கள் என்பது எனக்கு இந்தக் கூடைப்பந்துக் கதையைப் படித்த பிறகுதான் விளங்கியது. சி கம்பைலரும் நம் புரோகிராமை மேலிருந்து கீழாகத்தான் படித்து வருகிறது. டோட்டல் என்று ஒரு பெயர் வந்தவுடன் இதுவரை படித்ததில் அந்தப் பெயர் உண்டா என்று தன் பட்டியலில் பார்க்கும். இருந்தால் அது முழு எண்ணா, புள்ளி வைத்த எண்ணா, எழுத்தா, எத்தனை பைட் இடம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். இல்லாவிட்டால் எவ்வளவு இடம் ஒதுக்குவது, எந்த முறையில் கூட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதனால்தான் தெரியாத பெயர் என்று நிறுத்திவிடுகிறது.

என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் கூட ஆச்சரியப்படவில்லை. கம்பெனியில் கட்டிங் முடிந்து வரும் துணிக்கட்டு ஒவ்வொன்றிலும் சைஸ், கலர், எத்தனை பீஸ் என்று சீட்டு இருக்குமாம். சீட்டு இல்லாத கட்டை டெய்லர் தொடவே மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். இதற்கா அழுதாய், சீட்டை ஒட்டிக் கொடுத்தால் முடிந்தது என்று சொல்லிவிட்டார். எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தரவில்லை!

நம் நண்பர்களுக்கு அடிக்கடி வரும் அறிவிப்புப் பிழைகளை என் அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன். ஜூனியர்களுக்குப் பயன்படும்.

முதலாவது, அறிவிக்காமலே பயன்படுத்துவது. மறந்து விடுவது பாதி. எழுத்துப் பிழை பாதி. மேலே ஒரு ஸ்பெல்லிங், கீழே ஒரு ஸ்பெல்லிங் என்றால் கம்பைலருக்கு அது வேறு ஆள். பெரிய எழுத்து, சின்ன எழுத்தும் அப்படியே.

இரண்டாவது, தப்பான இடத்தில் அறிவிப்பது. திரையைத் துடைக்கும் கட்டளையை முதலில் போட்டுவிட்டு அதற்குக் கீழே மாறிகளை அறிவிப்போம். டர்போ சி ஒத்துக்கொள்ளாது. பழைய சி விதிப்படி அறிவிப்புகள் எல்லாம் அடைப்புக்குறி திறந்தவுடன், மற்ற கட்டளைகளுக்கு முன்னால் வர வேண்டும். 1999-ஆம் ஆண்டுத் தர விதி இதைத் தளர்த்திவிட்டது. அதே ஃபைலை சி பிளஸ் பிளஸ் என்று சேமித்தாலும் எரர் போய்விடும். அதனால்தான் ஒரே புரோகிராம் பக்கத்து மிஷினில் ஓடி நம் மிஷினில் ஓடாமல் போகிறது. மிஷினுக்குப் பேய் பிடிக்கவில்லை!

மூன்றாவது, ஒரே பெயரை ஒரே இடத்தில் இரண்டு முறை அறிவிப்பது. ஒரு வகுப்பில் ஒரே ரோல் நம்பரில் இரண்டு பேர் இருக்க முடியுமா?

நான்காவது, அளவு போதாமல் அறிவிப்பது. டர்போ சி-யில் இன்ட் என்றால் 2 பைட்தான். 32767 வரை தாங்கும். அதோடு ஒன்றைக் கூட்டினால் கழித்தல் 32768 என்று காட்டும். இப்போதைய கம்பைலர்களில் பெரும்பாலும் 4 பைட் என்பதால் இருநூறு கோடிக்கு மேல் வரை தாங்கும். இதில் முக்கியமான விஷயம், எரரே வராது!

ஐந்தாவது, அறிவித்துவிட்டு மதிப்புக் கொடுக்காமல் கூட்டத் தொடங்குவது. ஃபங்ஷனுக்குள் அறிவித்த மாறியில் முதலில் பூஜ்யம் இருக்கும் என்று நினைப்போம். இருக்காது. அந்த இடத்தில் முன்பு கிடந்த குப்பைதான் இருக்கும். இதற்கும் பெரும்பாலும் எரர் வராது.

யோசித்துப் பாருங்கள். முதல் மூன்றும் சத்தம் போடுகிற பிழைகள். கடைசி இரண்டும் சத்தமே போடாதவை. நாம் பயப்படுவது சத்தம் போடுகிற பிழைக்கு. உண்மையில் பயப்பட வேண்டியது மற்றதற்கு. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பிய 40 நொடிக்குள் சிதறியது. 64 பிட் அளவில் இருந்த ஒரு எண்ணை 16 பிட் இடத்துக்குள் போட முயன்றதுதான் காரணம். கம்பைல் செய்தபோது யாருக்கும் எரர் வரவில்லை!

கோபால் பிறந்த கதை

மறுபடியும் கிரேஸ் அம்மையாரிடம் போவோம். துண்டுகளைக் கோப்பதோடு அவர் திருப்தி அடையவில்லை. கணிதக் குறிகளைக் கண்டால் மிரளும் அலுவலகக்காரர்களும் புரோகிராம் எழுத வேண்டும் என்று நினைத்தார். சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுதலாம் என்றார். கணிப்பொறிக்கு ஆங்கிலம் புரியாது என்று மேலிடத்தில் சொன்னார்கள். அவர் செய்து காட்டினார். அதோடு நிற்காமல், அதே புரோகிராமைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் ஓட்டிக் காட்டினார். மேலதிகாரிகள் ஆடிப் போய்விட்டார்களாம். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்க இயந்திரத்துக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படித் தெரியும் என்று!

நண்பர்களே, இதைப் படித்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு அந்த எரர் செய்தியைக் கண்டாலே ஒரு நடுக்கம். இங்கிலீஷ் தெரிந்தவன்தான் புரோகிராம் எழுதுவான் என்ற எண்ணம் மனதில் உட்கார்ந்துவிட்டது. உண்மையில் இயந்திரத்துக்கு எந்த மொழியும் தெரியாது. இன்ட் என்பதும் அதற்கு வெறும் ஒரு அடையாளம். ஒரு முப்பது அடையாளத்தின் பொருளைக் கற்றுக்கொண்டால் சி வந்துவிடும். அதற்கு ஆங்கில இலக்கியம் தேவை இல்லை.

இப்படி உருவானதுதான் 1950-களின் பிற்பகுதியில் யூனிவாக்கில் ஓடிய ஃபுளோமேட்டிக் மொழி. 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பென்டகனில் கூட்டம் கூடி, எல்லா நிறுவன இயந்திரத்திலும் ஓடக்கூடிய பொது வணிக மொழி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்தது கோபால். பெயரைக் கேட்டால் நம்ம ஊர் ஆள் மாதிரி இருக்கிறது, இல்லையா? அதை உருவாக்கியது ஒரு குழு; கிரேஸ் அதற்கு ஆலோசகர். ஆனால் அதற்குப் பெரிய அடித்தளம் ஃபுளோமேட்டிக்தான். 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராம் ஆர்.சி.ஏ. இயந்திரம் ஒன்றிலும் யூனிவாக் இரண்டிலும் ஓடிக் காட்டியது.

கோபால் புரோகிராமுக்கு நான்கு பிரிவு. அதில் தரவுப் பிரிவு என்று தனியாக ஒன்று உண்டு. என்னென்ன மாறி, ஒவ்வொன்றும் எண்ணா எழுத்தா, எத்தனை இலக்கம் என்பதை எல்லாம் அங்கே அறிவித்துவிட வேண்டும். வேலை செய்யும் கட்டளைகள் அதற்கு அடுத்த பிரிவில். பொருள் தனி, செயல் தனி என்று பிரித்து வைக்கும் இந்தப் பழக்கம் ஃபுளோமேட்டிக்கில் இருந்து வந்தது. அதாவது நாம் சி-யில் முதல் வரியில் செய்வதை அங்கே ஒரு தனிப் பிரிவாகவே வைத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் நினைவகம் விலை அதிகம். இடத்தை மிச்சம் பிடிக்க ஆண்டுக்கு இரண்டு இலக்கம் போதும் என்று பலர் அறிவித்து வைத்தார்கள். 2000 வந்தபோது அது 00 ஆகி, 1900-ஆ 2000-ஆ என்று தெரியாமல் குழம்பும் நிலை. உலகம் முழுக்கக் கோடி கோடியாகச் செலவு செய்து பழைய புரோகிராம்களைத் திருத்தினார்கள். நம் நாட்டு நிறுவனங்களுக்கும் அதில் நிறைய வேலை கிடைத்தது. இரண்டு இலக்கம் குறைத்து அறிவித்ததன் விலை அது!

ஓய்வு பெற முடியாத அதிகாரி

1966 கடைசியில், 60 வயதில், கப்பற்படைச் சேமப் பிரிவில் இருந்து அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே, கோபாலை ஒழுங்குபடுத்த வேண்டும், ஆறு மாதம் மட்டும் வாருங்கள் என்று திரும்ப அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் ஏறக்குறைய இருபது வருடமாக நீண்டது! 1985-இல் ரியர் அட்மிரல் நிலைக்கு உயர்ந்தார். 1986 ஆகஸ்ட் 14 அன்று, 79 வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் கப்பலின் மேல்தளத்தில் விழா எடுத்து விடை கொடுத்தார்கள். அப்போது பணியில் இருந்த அதிகாரிகளிலேயே அவர்தான் மூத்தவர். அதற்குப் பிறகும் வீட்டில் உட்காரவில்லை, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார்.

அவருடைய அறையில் எதிர்த் திசையில் ஓடும் கடிகாரம் ஒன்று மாட்டி இருக்கும். எப்போதும் இப்படித்தானே செய்கிறோம் என்று சொல்கிறவர்களுக்குப் பாடம் புகட்டத்தான் அது. கூட்டங்களில் பேசும்போது ஒரு அடிக்குச் சற்றுக் குறைவான கம்பித் துண்டுகளைக் கையோடு கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுப்பார். ஒரு நானோ செகண்டில் மின்சாரம் போகக்கூடிய அதிகபட்ச தூரம் 11.8 அங்குலம். அதைக் கண்ணால் பார்த்துக் கையால் தொட வேண்டும் என்பதற்காக! மைக்ரோ செகண்டுக்கு ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைந்த கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். புரியாததைப் பிடித்துப் பார்க்கும்படி ஆக்குவது அவருடைய குணம்.

1992 ஜனவரி 1 அன்று தூக்கத்திலேயே காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 1997-இல் பணியில் சேர்ந்த ஒரு போர்க்கப்பலுக்கு ஹாப்பர் என்று பெயர். 2016-இல் அமெரிக்காவின் உயர்ந்த குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை அவர் நினைவுக்கு வழங்கினார்கள். 2017-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

முடிவாக

நான் இப்போது எரர் வந்தால் மேலே இருக்கும் முதல் எரரை மட்டும் பார்க்கிறேன். அதைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்கிறேன். பாதி எரர் தானாகப் போய்விடுகிறது. ஒரு சமயத்தில் ஒரு கடிகாரம்தான்! கம்பைல் செய்வதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் என் மாறிகள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, என்ன வகை, எவ்வளவு பெரிதாகும், முதலில் என்ன மதிப்பு என்று பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன். அம்மா சொன்ன சீட்டு அது. வாரியத் தேர்வில் இந்தச் சீட்டுத்தான் என்னைக் காப்பாற்றியது. சி செய்முறையில் தேறிவிட்டேன். பனியன் கம்பெனிக்குப் போகவில்லை!

எரர் என்பது நீ இதற்கு லாயக்கில்லை என்ற தீர்ப்பு அல்ல. மனிதன் தவறுவான் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்ட ஒருவர், அந்தத் தவறைச் சுமக்க ஒரு இயந்திரத்தைப் பழக்கினார். இந்த வரியில் உனக்கு ஏதோ விட்டுப்போச்சு, பார் என்று அது நம்மிடம் சொல்கிறது. முதலாம் ஆண்டில் சேர்ந்து, லேபில் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், பயப்படாமல் முதல் எரரைப் படியுங்கள். புரியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள். கடைசி வரிசையில் ஜன்னல் ஓர மிஷின். அங்கேதான் இருப்பேன்.



இரண்டாம் ஆண்டு மாணவி,
கணிப்பொறிப் பொறியியல் துறை